முதலில் விழிப்பவரே வீட்டுக்காரர்

எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை சின்ன நூலகம் ஒன்றை நடத்துகிறது. அதன் பின்னறையில் மூன்று பழைய கணினிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் புத்தகப் பட்டியல், ஒன்றில் கணக்கு, மூன்றாவதில் ஸ்கேன் செய்து சேர்த்த பழைய சிற்றிதழ்கள். மூன்றுக்குமே பெரும்பாலான நேரம் வேலை கிடையாது. மின்கட்டணம் மட்டும் மூன்று கணினிக்கும் ஏறிக்கொண்டிருந்தது. யாரோ நன்கொடையாகக் கொடுத்த சர்வர் ஒன்று மூலையில் இருந்தது. மூன்றையும் அந்த ஒன்றுக்குள் குடியேற்றிவிடலாம் என்று முடிவாகி, நான் பென்டிரைவுடன் போய் உட்கார்ந்தேன்.

எந்த வட்டில் நிறுவுவது என்று திரை கேட்டது. தேர்ந்தெடுக்கும் வட்டில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்று அதே திரையில் எச்சரிக்கையும் இருந்தது. அங்கே வேலை பார்க்கும் தம்பி அதைப் படித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, இதுவும் ஒரு சாஃப்ட்வேர்தானே? இதுல ஏற்கெனவே விண்டோஸ் இருக்கு. அதுல இருந்தே டபுள் கிளிக் பண்ணி ஏத்திடலாமே. எதுக்கு எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்?”

“இது எல்லாத்துக்கும் அடியில போய் உக்கார வேண்டிய சாஃப்ட்வேர் தம்பி. அடியில உக்காரணும்னா, எல்லாரையும் விட முன்னாடி எழுந்திரிக்கணும்” என்றேன். தலையை ஆட்டினான். புரிந்த முகமாக இல்லை. அன்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய முழுப் பதில் இது.

அடியில் போவதற்கு முன் நிறுவல் வட்டைப் பற்றிய ஒரு புதிரைத் தீர்த்துக்கொள்வோம். வட்டில் இருக்கும் கோப்பைப் படிக்க இயங்குதளம் வேண்டும். காலி இயந்திரத்தில் இயங்குதளம் இல்லை. அது வட்டில்தான் இருக்கிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. பிறகு எப்படி அந்த வட்டை இயந்திரம் படிக்கிறது?

பொத்தானை அழுத்தியதும் செயலி வேறெதையும் பார்க்காமல் ஒரு குறிப்பிட்ட முகவரிக்குப் போகும். அந்த முகவரி செயலியை வடிவமைக்கும்போதே நிலைநிறுத்தப்பட்டது. அங்கே காத்திருப்பது தாய்ப்பலகையில் உள்ள ஒரு சின்னச் சில்லு. அதற்குள் இருக்கும் நிரலை நிலைபொருள் என்கிறோம்; பழைய இயந்திரங்களில் அதன் பெயர் பயாஸ், புதியவற்றில் யுஇஎஃப்ஐ. அதற்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நினைவகத்தைத் தயார்செய்யும், விசைப்பலகையைக் கவனிக்கும், பிறகு ஒவ்வொரு சாதனமாகப் போய் ‘எழுப்பத் தக்கது ஏதாவது உன்னிடம் இருக்கிறதா’ என்று பார்க்கும்.

குறுவட்டில் தரவு 2,048 பைட்டுக் கட்டங்களாக எழுதப்படுகிறது. 1988-ல் தரமாக வந்த ஐஎஸ்ஓ 9660 என்ற முறைப்படி, முதல் 16 கட்டங்களை, அதாவது 32,768 பைட்டுகளை, வட்டு தனக்காகப் பயன்படுத்துவதில்லை. 17-ஆவது கட்டத்தில் ‘சிடி001’ என்ற முத்திரை இருக்கும். இது எந்த வகை வட்டு என்பதை அந்த முத்திரை சொல்லும். ஆனால் இதை வைத்து இயந்திரத்தை எழுப்பலாமா, எங்கிருந்து எழுப்புவது என்ற செய்தி அதில் கிடையாது. 1995-ல் ஐபிஎம்மும் பீனிக்ஸ் டெக்னாலஜிஸும் சேர்ந்து அதற்கு ஒரு வழி வகுத்தன. 18-ஆவது கட்டத்தில் ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பு ஒரு சிறு பட்டியலைக் காட்டும். ‘இந்த இடத்திலிருந்து இவ்வளவை எடுத்து நினைவகத்தில் போட்டு ஓட்டு’ என்று பட்டியல் சொல்லும். நிலைபொருள் கோப்புகளைப் புரிந்துகொள்ளத் தேவையில்லை, எண்களைப் பின்தொடர்ந்தால் போதும். இந்த முறைக்கு ‘எல் டொரிட்டோ’ என்று பெயர். கலிபோர்னியாவின் இர்வைன் நகரில் அதே பெயரில் இருந்த மெக்சிகோ உணவகத்தில் உட்கார்ந்து பேசியதால் வந்த பெயர் என்பார்கள்.

சும்மா விட்ட அந்த 32,768 பைட்டுகளுக்கும் பின்னால் ஒரு பயன் கிடைத்தது. பென்டிரைவை நிலைபொருள் ஒரு வன்வட்டாகப் பார்க்கும். வன்வட்டில் அது தேடுவது ஆரம்பத்தில் உள்ள 512 பைட்டுகளை. ஆகவே வன்வட்டுக்கு வேண்டிய தகவலை அந்தக் காலி இடத்தில் எழுதிவைத்தால், ஒரே கோப்பு வட்டில் எரித்தாலும் எழும், பென்டிரைவில் எழுதினாலும் எழும். நான் கொண்டுபோனது அப்படி எழுதிய பென்டிரைவ்தான். ஒரு ஜிபிக்கு மேல் உள்ள கோப்பு 700 எம்பி சிடியில் அடங்காது. டிவிடியில் எரிக்கலாம்; ஆனால் அந்த சர்வரில் டிவிடி டிரைவ் வேலை செய்யவில்லை.

அந்தக் கோப்பு ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் உள்ள நிறுவனம் ஒன்று 2008 முதல் வெளியிட்டுவரும் திறமூல மென்பொருள். டெபியன் லினக்ஸின் மேல் கட்டியது. பதிவிறக்கும் பக்கத்திலேயே கோப்புக்கு 64 எழுத்தில் ஒரு கைரேகை கொடுத்திருப்பார்கள். நம் கைக்கு வந்த கோப்பிலிருந்து அதே கணக்கைப் போட்டு, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு பிட்டு மாறியிருந்தாலும் கைரேகை முழுக்க வேறாகிவிடும். எல்லாவற்றுக்கும் அடியில் உட்காரப்போகிற ஒருவரை ஆள் அடையாளம் பார்க்காமல் உள்ளே விடக்கூடாது. நான் இதை ஒருபோதும் தவறவிடுவதில்லை.

நிறுவல் வட்டிலிருந்து எழுவது லினக்ஸின் கருநிரல். அதற்கு நிற்க ஓர் இடம் வேண்டும். வன்வட்டிலோ அதற்கென்று இன்னும் எதுவும் இல்லை. வீடு கட்டும் மனையில் முதலில் ஒரு தகரக் கொட்டகை போடுவார்கள். சிமெண்ட் மூட்டை, கருவிகள், காவல்காரரின் பாய் எல்லாம் அங்கேதான். வீடு முடிந்ததும் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள். கருநிரலும் அப்படித்தான், நினைவகத்துக்குள்ளேயே ஒரு தற்காலிகக் கோப்பு அமைப்பைக் கட்டிக்கொள்கிறது. நிறுவும் நிரல் அந்தக் கொட்டகையில் இருந்தபடியே வன்வட்டில் வீட்டைக் கட்டுகிறது. வன்வட்டில் நின்றுகொண்டே வன்வட்டை அழித்துப் பிரிக்க முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு.

அது கேட்கும் கேள்விகள் சொற்பம்: எந்த வட்டு, எந்த நாடு, நேர மண்டலம், கடவுச்சொல், ஒரு மின்னஞ்சல் முகவரி. கடைசியில் வரும் வலைப்பின்னல் கேள்விக்குத்தான் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே கொடுக்கும் ஐபி முகவரிதான் இனி இந்த இயந்திரத்துக்கு வாசல். சில நிமிடங்களில் வேலை முடிந்தது. பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி எழுப்பினோம். கறுப்புத் திரை, ஒரு வரவேற்பு வரி, இணைய உலாவியில் இந்த முகவரிக்கு வாருங்கள் என்று ஒரு வரி, முடிவில் 8006 என்ற எண். அதற்குக் கீழே துடிக்கும் ஒரு சின்னக் கோடு.

“இவ்வளவுதானா?” என்றான் தம்பி. இவ்வளவுதான். வீட்டுக்காரர் விழித்துவிட்டார். இனிமேல்தான் குடித்தனக்காரர்கள் வர வேண்டும்.

வீட்டுக்காரர், குடித்தனக்காரர் என்ற சொற்களைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரங்கள்போல் நடந்துகொள்ளச் செய்வதை மெய்நிகராக்கம் என்கிறோம். அப்படி உருவாகும் ஒவ்வொன்றும் மெய்நிகர் இயந்திரம். இந்தத் துறையின் ஆங்கிலப் புத்தகங்கள் அடியில் இருப்பதை விருந்தளிப்பவர் என்றும், மேலே ஓடும் இயங்குதளத்தை விருந்தாளி என்றும் சொல்கின்றன. எனக்கு அது பொருந்தவில்லை. விருந்தாளி நாலு நாளில் போய்விடுவார். வந்த வீட்டைத் தன் வீடென்று நினைக்கவும் மாட்டார். இங்கே நடப்பது ஒண்டுக்குடித்தனம். ஒரே கட்டடம், ஒரே கிணறு, ஒரே மின் இணைப்பு. உள்ளே நாலு குடும்பம். ஒவ்வொன்றுக்கும் தனி அடுப்பு, தனிக் கதவு, தனிப் பூட்டு. கதவைச் சாத்திவிட்டால் அது அவர்கள் வீடு. கிணற்று மோட்டாரும் மெயின் சுவிட்சும் மட்டும் வீட்டுக்காரர் கையில்.

அந்த வீட்டுக்காரருக்குத் துறையில் ஹைப்பர்வைசர் என்று பெயர். இயங்குதளத்தைக் கண்காணிப்பாளர் என்று சொன்ன காலத்தில், கண்காணிப்பாளர்களையே கண்காணிப்பவர் என்ற பொருளில் வந்த சொல் அது. யோசனையும் பழையது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் சிபி-40 என்ற அமைப்பைக் கட்டினார்கள். மாற்றியமைத்த சிஸ்டம்/360 மாடல் 40 இயந்திரம் ஒன்றில் 1967 தொடக்கத்தில் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே நேரத்தில் 14 மெய்நிகர் இயந்திரங்கள். ஒவ்வொன்றும் தன்னை ஒரு முழு ஐபிஎம் கணினி என்று நம்பியது. கணினி என்றால் ஓர் அறை நிறைய இரும்பும் பெரும் செலவும் என்றிருந்த நாட்களில், ஒன்றைப் பதினாலாக்குவதன் மதிப்பை விளக்கத் தேவையில்லை. பிற்பாடு மேசைக் கணினிகள் மலிவாகிவிட, வேலைக்கு ஒரு பெட்டி என்று வாங்கிப்போடும் பழக்கம் வந்தது. நூலகத்துப் பின்னறையில் இருந்த மூன்று பெட்டிகளும் அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான்.

இப்போது கட்டுரையின் நடு முடிச்சுக்கு வருகிறேன். குடித்தனக்காரரின் நிரல்கள் நேராகச் செயலியில்தான் ஓடுகின்றன. வீட்டுக்காரர் ஒவ்வொரு கட்டளையையும் வாங்கி, படித்து, தான் நடித்துக் காட்டுவதில்லை. அப்படிச் செய்தால் வேகம் படுத்துவிடும். கூட்டல், பெருக்கல், நகலெடுத்தல் போன்றவை யாரையும் கேட்காமல் முழு வேகத்தில் போகும். சில கட்டளைகள்தான் ஆபத்தானவை: நினைவகத்தின் பங்கீட்டை மாற்று, வட்டை இயக்கு, குறுக்கீடுகளை நிறுத்து என்பவை. குடித்தனக்காரர் தன் இயந்திரம் என்று நினைத்து இவற்றைச் சாதாரணமாகச் சொல்வார். அவை நேராக நடந்துவிட்டால் பக்கத்துக் குடித்தனம் இடிந்துபோகும்.

குடித்தனக்காரரின் பகுதியிலும் ஒரு மோட்டார் சுவிட்ச் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கம்பி மோட்டாருக்குப் போகாமல் வீட்டுக்காரர் கூடத்தில் உள்ள மணிக்குப் போகிறது. இவர் சுவிட்சைப் போட்டால் அங்கே மணி அடிக்கும். வீட்டுக்காரர் எழுந்துபோய், மற்றவர்கள் தண்ணீர் பிடித்தாயிற்றா என்று பார்த்து, இவர் தொட்டிக்கு மட்டும் திறந்துவிடுவார். இவருக்குத் தெரிவது ஒன்றுதான்: சுவிட்சைப் போட்டேன், தண்ணீர் வந்தது. செயலியில் இந்த மணிக்குப் பெயர் பொறி. ஆபத்தான கட்டளை வந்ததும் செயலி அங்கேயே நின்று, கட்டுப்பாட்டை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடும்.

ஆக, எந்தச் செயலியில் ஒண்டுக்குடித்தனம் சாத்தியம்? ஜெரால்ட் போப்பெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும் 1974-ல் இதற்குக் கணித நிரூபணத்துடன் விடை சொன்னார்கள். சமன்பாடுகளை விட்டுவிட்டுச் சொன்னால்: வீட்டுக்காரரின் விவகாரத்தில் கை வைக்கும் எந்தக் கட்டளையும், குடித்தனக்காரர் கையிலிருந்து வந்தால், மணியடிக்காமல் போகக்கூடாது. இவ்வளவு தெளிவாக ஒரு கோடு கிடைத்தது இந்தத் துறையின் பேறு. எந்தச் செயலியின் கையேட்டையும் எடுத்துவைத்துக் கட்டளை கட்டளையாகச் சோதித்துவிடலாம்.

2000-ஆம் ஆண்டில் ஜான் ராபின், சிந்தியா இர்வைன் இருவரும் அதைத்தான் செய்தார்கள். இன்டெல் பென்டியத்தின் சுமார் 250 கட்டளைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 17 கட்டளைகள் தேறவில்லை. வீடுகளிலும் அலுவலகங்களிலும் எங்கும் இருந்த செயலிக் குடும்பம், இலக்கணப்படி ஒண்டுக்குடித்தனத்துக்கு ஏற்றதாக இல்லை.

அந்தப் பதினேழில் ஒன்றைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ‘பாப்எஃப்’ என்று ஒரு கட்டளை. செயலியின் கொடிகள் எனப்படும் குறிகளை முன்பு எடுத்துவைத்த நிலைக்கு மாற்றுவது அதன் வேலை. அந்தக் கொடிகளில் ஒன்று, குறுக்கீடு வரலாமா கூடாதா என்பதற்கானது. இயங்குதளம் முக்கியமான ஒன்றைச் செய்யும்போது யாரும் இடையில் வராதபடி அந்தக் கொடியை இறக்கி, கதவைத் தாழிட்டுக்கொள்ளும். குடித்தனக்காரர் இந்தக் கட்டளையைக் கொடுத்தால் பென்டியம் என்ன செய்யும் தெரியுமா? கொடியை இறக்காது; மணியும் அடிக்காது. பேசாமல் அடுத்த கட்டளைக்குப் போய்விடும். தாழ் விழவில்லை, விழவில்லை என்ற சத்தமும் இல்லை. கதவு பூட்டியிருக்கிறது என்று நம்பி உள்ளே ஒருவர் நகையை எடுத்துப் பரப்பிக்கொண்டிருக்கிறார். அடுத்த நொடியில் என்ன நேருமோ. பொறியில் சிக்கும் பிழை எதுவானாலும் சமாளித்துவிடலாம். சத்தமில்லாமல் தோற்கும் கட்டளைதான் பயங்கரம்.

இதைத் தாண்ட மூன்று வழிகள் வந்தன. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்விலிருந்து கிளம்பிய மெண்டல் ரோசன்பிளம், அவர் மனைவி டயான் கிரீன் உள்ளிட்ட ஐவர் 1998-ல் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். குடித்தனக்காரரின் இயங்குதள நிரலை, ஓடுவதற்குச் சற்று முன்பாகத் துண்டு துண்டாகப் படித்து, அபாயமான கட்டளை இருந்தால் அந்த இடத்தில் பாதுகாப்பான வேறொன்றை எழுதிவைத்து ஓட்டினார்கள். செய்ய முடியாது என்று கிடந்ததைச் செய்து காட்டிய அந்தப் பொறியியலை இன்றும் வியக்கிறேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜென் என்ற ஹைப்பர்வைசரை உருவாக்கிய குழுவினர் 2003-ல் வேறு வழி காட்டினார்கள். குடித்தனக்காரரை ஏன் ஏமாற்ற வேண்டும்? ‘நீங்கள் இருப்பது வாடகை வீடு, தண்ணீர் வேண்டுமானால் கூப்பிடுங்கள்’ என்று சொல்லிவிடலாமே. அதற்காக இயங்குதளத்தின் கருநிரலையே சற்றுத் திருத்தினார்கள். இதை உடன்பாட்டு மெய்நிகராக்கம் என்று தமிழில் சொல்லலாம். மூன்றாவது வழி, செயலியைச் செய்பவர்களே கட்டடத்தைத் திருத்தியது. 2005 நவம்பரில் இன்டெல்லும் 2006-ல் ஏஎம்டியும் செயலிக்குள் குடித்தனக்காரருக்கென்று தனி நிலை ஒன்றை வைத்தன. அந்த நிலையில் இயங்குதளம் தன் வீட்டில் முழு அதிகாரத்தோடு இருக்கும்; பாப்எஃப் அதன் சொந்தத் தாழைப் போடும்; வீட்டுக்காரர் குறித்துவைத்த விஷயங்களுக்கு மட்டும் மணி அடிக்கும். கும்ரானெட் என்ற நிறுவனத்தில் இருந்த அவி கிவிட்டி இந்த வசதியை வைத்து எழுதிய கேவிஎம், 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20-ல் சேர்ந்தது. லினக்ஸ் கருநிரலே வீட்டுக்காரராகிவிட்டது. ப்ராக்ஸ்மாக்ஸுக்கு அடியில் இருப்பது இந்த கேவிஎம்தான்.

இந்த வன்பொருள் வசதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நூலகத்திலேயே கண்டோம். முதல் மெய்நிகர் இயந்திரத்தை உருவாக்கித் தொடங்கு என்று அழுத்தியதும் சிவப்பில் ஒரு பிழை: கேவிஎம் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அது கிடைக்கவில்லை, பயாஸில் இயக்குங்கள். நிறுவும்போதே இப்படி ஓர் எச்சரிக்கை வந்தது, அவசரத்தில் கடந்துவிட்டேன். மறுபடி எழுப்பி, பயாஸுக்குள் நுழைந்து, செயலிக்கான பக்கத்தில் மெய்நிகராக்கம் என்ற வரியைத் தேடினோம். அணைத்து வைத்திருந்தார்கள். பல இயந்திரங்கள் இப்படித்தான் வரும். செயலியில் திறமை இருந்தாலும், முதலில் விழிக்கும் நிலைபொருள் அனுமதிக்காவிட்டால் அடுத்து விழிப்பவருக்கு அது கிடையாது. விழிக்கும் வரிசைதான் அதிகார வரிசை.

தம்பியின் கேள்விக்கு இங்கே பதில் வந்துவிட்டது. விண்டோஸ் முதலில் விழித்துவிட்டால் மெயின் சுவிட்ச் அதன் கையில். அதற்குள் ஓடும் எந்த நிரலும் அதன் வாடகைதாரர்தான். விண்டோஸ் புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கம் செய்தால் எல்லாக் குடித்தனமும் கூடவே படுத்துவிடும். விண்டோஸின் மேல் உட்கார்ந்து மெய்நிகர் இயந்திரம் ஓட்டும் மென்பொருள்கள் இருக்கின்றனவே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்டு, பழகிப் பார்க்க அவை நல்லவை. இரவு பகலாக ஓட வேண்டிய சர்வருக்கு அந்த ஏற்பாட்டை நான் சொல்ல மாட்டேன். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி இன்னும் சுவையான உதாரணம். அதை விண்டோஸுக்குள் இருந்தே ஒரு குறியிட்டு இயக்கலாம், வட்டு வேண்டாம். ஆனால் மறுதொடக்கம் கேட்கும். எழும்போது ஹைப்பர்-வி முதலில் விழித்து அடியில் உட்கார்ந்துவிடும். அதுவரை வீட்டுக்காரராக இருந்த அதே விண்டோஸ், சலுகைகள் அதிகம் உள்ள ஒரு குடித்தனமாக மேலே வந்துவிடும். திரையைப் பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்துக்கு அடியிலேயே, மறுதொடக்கம்கூட இல்லாமல், நைசாக நுழையலாம் என்று போலந்தைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா 2006-ல் செய்து காட்டினார். நீல மாத்திரை என்று அதற்குப் பெயரிட்டார். அது தாக்குதல் முறையாக முன்வைக்கப்பட்டது என்பதே, அடியில் இருக்கும் இடம் எவ்வளவு விலைமதிப்பானது என்பதைச் சொல்லும்.

அப்படியானால் நாம் இருப்பது சொந்த வீடா, குடித்தனமா என்று உள்ளே இருந்தபடி கண்டுபிடிக்க முடியுமா? முடியும். செயலியிடம் ‘நீ யார்’ என்று கேட்கும் சிபியுஐடி என்ற கட்டளை இருக்கிறது. இன்டெல்லின் ஏற்பாட்டில் இந்தக் கட்டளைக்குக் குடித்தன நிலையில் கட்டாயம் மணியடிக்கும். பதிலை வீட்டுக்காரர்தான் தருவார். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் நேர்மையாகத் தங்கள் பெயரையே சொல்லிவிடுகிறார்கள். கேவிஎம்மின் வீட்டில் ‘கேவிஎம்’ என்று மூன்று முறை எழுதி வரும். விஎம்வேர் தன் பெயரை இரண்டு முறை எழுதும். பெயரை மறைத்தாலும் கடிகாரம் காட்டிக்கொடுக்கும். மணியடித்து, வீட்டுக்காரர் வந்து, பதில் சொல்லிப் போவதற்கு நேரம் ஆகும். சொந்த வீட்டில் கிடைக்கும் பதிலைவிடப் பல மடங்கு தாமதம். லினக்ஸில் ‘டாப்’ என்ற கட்டளையைத் தட்டினால் செயலிக்கான வரியின் கடைசியில் ‘எஸ்டி’ என்று ஓர் எண் இருக்கும். களவு போன நேரம் என்று பொருள். தான் ஓடத் தயாராக இருந்தும் செயலியை வேறு குடித்தனத்துக்குக் கொடுத்துவிட்ட நேரத்தின் சதவீதம் அது. எங்கோ வாடகைக்கு எடுத்த சர்வர் மந்தமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் அந்த எண்ணைத்தான் பார்க்கச் சொல்வேன்.

சரி, வீட்டுக்காரர் தயார். குடித்தனக்காரரை எப்படிக் கொண்டுவருவது? அவருக்கும் ஒரு நிறுவல் வட்டுதான். விண்டோஸின் ஐஎஸ்ஓ கோப்பை உலாவி வழியாக சர்வரில் ஏற்றினோம். மெய்நிகர் இயந்திரத்தின் பாவனை சிடி டிரைவில் அதை ‘செருகினோம்’. தொடங்கு என்றதும், முதல் பகுதியில் சொன்ன அத்தனையும் மறுபடி நடக்கிறது. பாவனைச் செயலி நிலையான முகவரிக்குப் போகிறது. பாவனை நிலைபொருள் பாவனை வட்டைத் தேடுகிறது. 17-ஆவது கட்டத்தில் ‘சிடி001’, 18-ஆவது கட்டத்தில் எல் டொரிட்டோ குறிப்பு. சுழலும் வட்டு எங்கும் இல்லை. ஒரு கோப்பின் பைட்டுகளை, வட்டைப்போல் அளந்து அளந்து, வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

குடித்தனக்காரர் எந்தத் தாய்ப்பலகையின் மேல் இருப்பதாக நினைக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ப்ராக்ஸ்மாக்ஸ் வேறு சொல்லாவிட்டால் காட்டும் பலகை ஐ440எஃப்எக்ஸ். இன்டெல் 1996-ல் வெளியிட்ட சில்லுத் தொகுதி. இன்று வாங்கிய சர்வரிலும் குடித்தனக்காரர் பார்ப்பது அந்தப் பழைய பலகையைத்தான். காரணம் எளிது: அதை அறியாத இயங்குதளம் கிடையாது. முன்பின் தெரியாத ஊருக்குப் போனாலும் பழகிய அடுப்பு இருந்தால் சமையல் தொடங்கிவிடும்.

பழைய கருவிகளை நடித்துக் காட்டுவதில் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு அசைவுக்கும் மணி. வட்டுக்கும் வலைப்பின்னலுக்கும் அது கட்டுப்படியாகாது. அங்கேதான் ஜென் குழுவின் உடன்பாட்டு யோசனை இன்னும் உயிரோடு இருக்கிறது. விர்ட்ஐஓ என்ற பெயரில், எந்தத் தொழிற்சாலையும் செய்திராத, குடித்தனத்துக்கென்றே வரையப்பட்ட வட்டும் வலை அட்டையும் இருக்கின்றன. லினக்ஸுக்கு அவை தெரியும். விண்டோஸின் நிறுவல் வட்டுக்குத் தெரியாது. நூலகத்தில் விண்டோஸ் ‘வட்டு எதுவும் காணவில்லை’ என்று நின்றபோது தம்பி பதறிவிட்டான். விர்ட்ஐஓ இயக்கிகள் உள்ள இன்னொரு ஐஎஸ்ஓவை இரண்டாவது பாவனை டிரைவில் போட்டு, அதிலிருந்து இயக்கியைக் காட்டியதும், 60 ஜிபி வட்டு ஒன்று பட்டியலில் வந்து நின்றது.

அந்த 60 ஜிபியும் வாக்குறுதிதான். ப்ராக்ஸ்மாக்ஸ் வழக்கமாக மெல்லிய ஒதுக்கீடு என்ற முறையைக் கையாள்கிறது. 60 ஜிபி என்று குடித்தனக்காரருக்குச் சொல்லும். அவர் எழுத எழுதத்தான் உண்மையான இடத்தை எடுக்கும். நாலு பேருக்கும் சேர்த்து இருப்பதைவிட அதிகம் வாக்குக் கொடுத்துவிட முடியும். எல்லாரும் ஒரே சமயத்தில் கேட்டு, உண்மையான இடம் தீர்ந்துவிட்டால், உள்ளே எழுதிக்கொண்டிருந்தவற்றுக்குச் சேதம் வரும். வாரம் ஒருமுறை அந்த அளவைப் பார்ப்பதைத் தம்பியின் வேலையாக்கிவிட்டு வந்தேன்.

பட்டியலும் கணக்கும் சிற்றிதழ்களும் இப்போது அந்த ஒரே சர்வரில் தனித்தனிக் குடித்தனங்களாக இருக்கின்றன. பழைய மூன்று பெட்டிகளில் ஒன்றை மட்டும் விற்கவில்லை. இரவு 2 மணிக்கு மூன்று குடித்தனங்களின் முழு நகலும் அதில் போய்ச் சேர்கிறது. எல்லாரையும் ஒரே கட்டடத்தில் வைத்துவிட்டால், கட்டடத்துக்கு ஒன்று ஆனால் எல்லாருக்கும் ஆகும். நகல் அதே சர்வரில் இருந்து பயனில்லை.

வீட்டில் பழைய கணினி ஒன்று சும்மா கிடந்தால் நீங்களும் முயன்று பார்க்கலாம். 64 பிட்டுச் செயலியும், பயாஸில் மெய்நிகராக்கத்துக்கான வரியும், ஒரு பென்டிரைவும், மாலை நேரம் ஒன்றும் போதும். வட்டைக் கேட்கும் திரை வரும்போது மட்டும் நிதானியுங்கள். காட்டிய வட்டில் பழையது எதையும் நிறுவும் நிரல் மிச்சம் வைக்காது. வேண்டியதை வேறிடத்தில் எடுத்துவைத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, வட்டின் பெயரையும் அளவையும் இரண்டு முறை படித்து, பிறகு அழுத்துங்கள்.